வாணிகத்தில் நாணயம்: ஒரு வரலாற்றுப் பார்வை

தமிழில் 'நாணயம்' என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. கையில் புழங்கும் காசும் நாணயமே. சொன்ன சொல் தவறாத நேர்மையும் நாணயமே. காசையும் நேர்மையையும் ஒரே சொல்லால் வழங்கிய சமுதாயம், ஒருவருடைய பண்பு பொருள் ஈட்டும் இடத்தில்தான் உரைத்துப் பார்க்கப்படுகிறது என்பதை நன்கு உணர்ந்திருந்தது எனலாம். சங்க நூலாகிய பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து வணிகரின் நடுவுநிலைமையைப் போற்றுகின்றது. திருவள்ளுவரும் நடுவுநிலைமையைக் கூறும் அதிகாரத்தில் வணிகரின் கடமையை நினைவூட்டுகின்றார்.

நூல்கள் கூறும் இவ்வறம், கடல் கடந்து வந்த தமிழரிடையே எவ்வாறு காக்கப்பட்டது? தனி மனிதரின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பி அது விடப்பட்டதா? அன்றி, அதனைக் காப்பதற்கென முறைகள் வகுக்கப்பட்டனவா? இவ்வினாக்களுக்கு மலாயா, சிங்கப்பூர், பர்மா ஆகிய நாடுகளின் வரலாறு தெளிவான விடை தருகின்றது. அவ்விடையில் பெருமைப்படத் தக்க செய்திகளும் உண்டு. எண்ணி வருந்தத் தக்க செய்திகளும் உண்டு. இரண்டையும் ஒருசேர அறிந்து கொள்வதே வரலாற்றைப் படிப்பதன் பயனாகும்.

கல்லில் பொறித்த கட்டுப்பாடு

தென்கிழக்காசியாவில் தமிழ் வணிகர் விட்டுச் சென்ற சான்றுகளுள் கல்வெட்டுகள் முதன்மையானவை. இன்றைய தென் தாய்லாந்திலுள்ள தக்குவா பா என்னும் இடத்தில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 'அவனிநாரணம்' என்னும் பெயருடைய குளம் ஒன்று மணிக்கிராமத்தார் முதலானோரின் காவலில் விடப்பட்ட செய்தியை அது கூறுகின்றது. மணிக்கிராமத்தார் என்போர் வணிகக் குழுவினர். ஊர்ப் பொதுவான நீர்நிலை ஒன்றை வணிகரின் பொறுப்பில் ஒப்படைத்தனர் என்றால், அவர்கள் பெற்றிருந்த நம்பிக்கை எத்தகையது என்பது விளங்கும்.

சுமத்ராவின் மேற்குக் கரையில் பாருஸ் நகருக்கு அருகே லோபு துவா என்னுமிடத்தில் 1873ஆம் ஆண்டில் கண்டெடுக்கப்பட்ட மற்றொரு தமிழ்க் கல்வெட்டு, கி.பி. 1088ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 'திசையாயிரத்து ஐந்நூற்றுவர்' என்னும் புகழ்பெற்ற வணிகக் குழுவினர் அதனைப் பொறித்தனர். அங்கு வந்து சேரும் மரக்கலத்தின் நாயன் முதலானோர், கஸ்தூரியின் விலையை அளவாகக் கொண்டு பொன்னில் ஆயம் செலுத்த வேண்டும் என்பது அக்கல்வெட்டுத் தரும் செய்தியாகும்.

இதில் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆயம் வாங்குவது எந்தத் துறைமுகத்திலும் நிகழ்வதே. ஆயினும், எவ்வளவு வாங்கப்படும், எதனை அளவாகக் கொண்டு வாங்கப்படும் என்பதை யாவரும் காணும்படி கல்லில் வெட்டி வைத்தது சிறப்புக்குரியது. வந்தவனுக்கு ஒரு விலை, வேண்டியவனுக்கு வேறு விலை என்று ஆளுக்கேற்ப மாற்ற அதன்பின் இடமில்லை. நேர்மையை நெஞ்சுக்குள் வைத்துக் கொள்வதோடு நில்லாமல், பிறர் சரிபார்க்கத் தக்க வகையில் வெளியே எழுதி வைக்கும் வழக்கம் கடல் வாணிகத்தில் அன்றே இருந்தது என்பதற்கு இக்கல் ஒரு சான்றாகும்.

பதினைந்தாம் நூற்றாண்டில் உலகப் புகழ் பெற்ற துறைமுகமாக விளங்கிய மலாக்காவில் நான்கு ஷாபந்தார்கள் இருந்தனர். வெவ்வேறு நாட்டு வணிகரின் தேவைகளையும் வழக்குகளையும் கவனிக்கும் துறைமுக அதிகாரிகள் அவர்கள். மலாக்கா சுல்தான்களின் காலத்தில் உருப்பெற்ற சட்டத் தொகுப்பு, எடைக்கும் அளவைக்கும் உரிய பொறுப்பை ஷாபந்தாருக்கு அளித்தது. பல மொழி பேசுவோரும் பல சமயத்தவரும் ஒரே சந்தையில் கூடும்போது, ஒருவரை ஒருவர் நம்புவதற்கு முதலில் தராசை நம்ப வேண்டியிருந்தது.

அதே மலாக்காவில் 1781ஆம் ஆண்டில் எழுந்த கோயிலின் பெயர் ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம். மலாக்காச் செட்டிகள் எனப்படும் பழைய தமிழ் வணிக மரபினர் எடுப்பித்த கோயில் அது. வாணிகத்தால் வாழ்ந்த ஒரு சமூகம், தான் வணங்கும் இறைவனைப் பொய்யாதவன் என்னும் பெயரால் அழைத்து வந்தது எண்ணி இன்புறத் தக்கது.

கிட்டங்கியும் மேலாளும்

மலாக்காச் செட்டிகள் வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் செட்டிநாட்டிலிருந்து பெருந்தொகையாக வந்த நாட்டுக்கோட்டை நகரத்தார் வேறு. இளையாற்றங்குடி, மாற்றூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி ஆகிய ஒன்பது ஊர்க் கோயில்களின் வழியே தம் உறவு முறையை வகுத்துக் கொண்டவர்கள் நகரத்தார். இலங்கை, பர்மா, மலாயா, சிங்கப்பூர், சைகோன் எனப் பல நாடுகளில் அவர்கள் கொடுக்கல் வாங்கல் தொழிலை நடத்தினர்.

சிங்கப்பூரின் மார்க்கெட் ஸ்திரீட், பினாங்கின் பினாங்குத் தெரு, கோலாலம்பூரின் அம்பாங் தெரு ஆகியவை அவர்களுடைய கிட்டங்கிகள் இருந்த இடங்களாகும். கிட்டங்கி என்பது நீண்ட கூடத்தைக் கொண்ட கட்டடம். ஒரே கூடத்தில் பல மார்க்காக்கள், அதாவது பல நிறுவனங்கள், அடுத்தடுத்து இடம் கொண்டிருந்தன. தரையில் பாய் விரித்து, முன்னால் சிறு சாய்வு மேசைப் பெட்டியை வைத்துக் கொண்டு கணக்கெழுதுவர். பகலில் தொழில் நடந்த அக்கூடத்திலேயே இரவில் உறக்கமும் கொள்வர். மனைவி மக்கள் ஊரில் இருக்க, மேலாள் என்னும் பொறுப்பாளரும், அடுத்தாள் என்னும் துணைவரும், பெட்டியடிப் பையன்களும், சமையலாளும் கிட்டங்கியில் வாழ்ந்தனர்.

முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். அவருடைய பெருஞ்செல்வம் கடலுக்கு அப்பால் மேலாளின் கையில் இருக்கும். கப்பலில் கடிதம் வந்து சேர நாட்கள் பல ஆகும் காலம் அது. யாருக்குக் கடன் கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது, எப்போது திரும்பப் பெறுவது என்னும் முடிவுகளையெல்லாம் மேலாளே எடுக்க வேண்டும். இத்தனை அதிகாரத்தை ஒருவரிடம் ஒப்படைத்து விட்டு முதலாளி எவ்வாறு அமைதியாக உறங்கினார்?

'நம்பிக்கைதான் காரணம்' என்று ஒரு சொல்லில் விடை கூறிவிடலாம். ஆனால் அது பாதி விடையே. நகரத்தார் நம்பிக்கையை மதித்தனர். அதே வேளையில் அதனைக் காக்கும் முறைகளையும் வகுத்தனர். மேலாளின் பணிக்காலம் பெரும்பாலும் மூன்றாண்டு என வரையறுக்கப்பட்டது. அவருடைய சம்பளமும் கடமைகளும் எழுத்தில் வைக்கப்பட்டன. ஊதியத்தில் ஒரு பகுதி முன்பணமாக அவர் குடும்பத்திற்குக் கிடைத்தது. தவணை முடிந்ததும் புதிய மேலாள் வந்து சேர்வார். பழைய மேலாள் நிலுவையிலுள்ள கடன்களை ஒவ்வொன்றாக விளக்கிப் பொறுப்பை ஒப்படைப்பார். தாம் எழுதிய கணக்கை இன்னொருவர் வரிக்கு வரி பார்க்கப் போகிறார் என்பதை முதல் நாளிலிருந்தே அறிந்தவராகத்தான் அவர் பேனாவை எடுத்தார்.

கணக்கு முறையும் நுட்பமானது. அன்றாட நடவடிக்கைகள் குறிப்பில் பதியப்படும். அவை ஆள்வாரியாகப் பேரேட்டில் ஏற்றப்படும். பற்றும் வரவும் ஒத்து வருகின்றனவா என்பது ஐந்தொகையில் தெரியவரும். அந்த ஐந்தொகை ஊரிலுள்ள முதலாளிக்குக் காலந்தவறாமல் அனுப்பப்படும். பிள்ளையார் சுழியிட்டுத் தொடங்கும் பேரேட்டில் பொய் எழுதக் கூடாது என்னும் அச்சம் ஒரு புறம். எழுதினால் ஐந்தொகை காட்டிக் கொடுத்துவிடும் என்னும் அறிவு மறுபுறம். பக்தியும் கணக்கும் கைகோத்து நின்ற முறை இது.

சிறு வயதிலேயே தொழிலுக்கு அனுப்பப்பட்ட பெட்டியடிப் பையன் கடை கூட்டுவதில் தொடங்கி, கடிதம் கொண்டு செல்லுதல், வசூலுக்குப் போதல், வட்டி கணக்கிடுதல் என்று படிப்படியாகக் கற்றான். கால், அரைக்கால், மாகாணி, வீசம் என்னும் பின்னங்களை மனக்கணக்காகவே போடப் பழகினான். மேலாள் எங்ஙனம் பேசுகிறார், கடன் கேட்டு வந்தவரை எங்ஙனம் நடத்துகிறார், சிறு தொகையேயாயினும் எங்ஙனம் பதிகிறார் என்பதையெல்லாம் பார்த்தே அவன் வளர்ந்தான். தொழிலைக் கற்ற கூடத்திலேயே ஒழுக்கத்தையும் கற்றான் என்பது பொருந்தும்.

முருகன் சந்நிதியும் மகமையும்

நகரத்தார் சென்ற இடமெல்லாம் தண்டாயுதபாணிக்குக் கோயில் எடுத்தனர். பினாங்கில் தண்ணீர்மலைக் கோயிலின் தொடக்கம் 1850களுக்கு உரியது. சிங்கப்பூர் டேங்க் ரோட்டில் 1859ஆம் ஆண்டில் தெண்டாயுதபாணி கோயில் எழுந்தது. அக்கோயில் 2014ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

இக்கோயில்கள் வழிபாட்டுத் தலங்களாக மட்டும் இருக்கவில்லை. தொழில் முறைக்கு நடுநாயகமாகவும் விளங்கின. ரங்கூனில் மொகல் தெருவில் இருந்த கோயிலில் தமிழ் மாதந்தோறும் மார்க்காக்களைச் சேர்ந்தோர் கூடி, தமக்குள் வழங்கும் 'நடப்பு வட்டி' வீதத்தை முடிவு செய்தனர். 1929-30ஆம் ஆண்டுகளில் பர்மாவில் அமைக்கப்பட்ட மாகாண வங்கி விசாரணைக் குழு நகரத்தாரின் தொழில் முறைகளை விரிவாகப் பதிவு செய்துள்ளது. வட்டி வீதத்தைத் தனியறையில் ஒருவர் முடிவு செய்யவில்லை. இறைவன் சந்நிதியில் பலர் கூடி முடிவு செய்தனர். தமக்குள் எழுந்த வழக்குகளும் நீதிமன்றம் செல்லுமுன் பெரும்பாலும் பஞ்சாயத்தில் தீர்க்கப்பட்டன.

தொழிலில் ஈட்டிய பொருளிலிருந்து கோயிலுக்கும் அறச்செயலுக்கும் மகமை ஒதுக்கும் வழக்கம் அவர்களிடையே மிகப் பழமையானது. உப்பு வாணிகம் செய்யப் பழனிக்குச் சென்ற நகரத்தார் தம் ஊதியத்தில் ஒரு பங்கை முருகனுக்கு அளித்த செய்தியைப் பழனியோடு தொடர்புடைய செப்பேடுகள் கூறுகின்றன. மகமை என்பது மனம் விரும்பியபோது போடும் காணிக்கையன்று. அது கணக்கில் ஏறும் கடமை. மகமையைச் சரியாகக் கொடுக்க வேண்டுமானால் வரவைச் சரியாக எழுத வேண்டும். எனவே இறைவனுக்குரிய பங்கே வணிகரின் கணக்கு நேர்மைக்கு ஒரு காவலாகவும் அமைந்தது.

காசு மதிப்பிழந்த காலம்

1942ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் ஜப்பானியர் வெளியிட்ட நோட்டு, அதில் காணப்பட்ட வாழை மரப் படத்தால் 'வாழைமர நோட்டு' என்று மக்களால் அழைக்கப்பட்டது. வரம்பின்றி அச்சிடப்பட்ட அந்நோட்டின் மதிப்பு நாளுக்கு நாள் வீழ்ந்தது. 1945ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் திரும்பி வந்தபோது அது வெறுங்காகிதமாயிற்று.

அக்காலத்தில் கடன் கொடுத்தோருக்கும் வாங்கியோருக்கும் இடையே அறம் பற்றிய கடினமான கேள்வி எழுந்தது. போருக்கு முன் மதிப்புள்ள வெள்ளியில் கடன் வாங்கிய ஒருவர், மதிப்பிழந்த வாழைமர நோட்டைக் கட்டுக் கட்டாகக் கொண்டு வந்து கொடுத்தால் கடன் தீர்ந்ததாகுமா? எண்ணிக்கை சரியாக இருக்கும். ஆனால் பெற்ற மதிப்புத் திரும்பவில்லை. மறுபுறம், வேறு பணமே புழக்கத்தில் இல்லாத நாளில் கடனாளி வேறு எதைத்தான் கொடுப்பார்? ஆளும் படை செல்லும் என்று அறிவித்த நோட்டை வாங்க மறுக்கும் துணிவும் அன்று யாருக்கும் எளிதன்று.

போருக்குப் பின் இச்சிக்கலைத் தீர்ப்பதற்கென்றே 1948ஆம் ஆண்டில் ஆக்கிரமிப்புக் காலக் கடன்களுக்கான சட்டம் இயற்றப்பட்டது. வாழைமர நோட்டின் மதிப்பு எக்காலத்தில் எவ்வளவு வீழ்ந்திருந்தது என்பதைக் காட்டும் அட்டவணை அதில் சேர்க்கப்பட்டது. சட்டம் தன்னால் இயன்ற எல்லையை வகுத்தது. அந்த எல்லைக்கு அப்பால் எஞ்சியது இரு தரப்பாரின் மனச்சான்று ஒன்றே. 'நாணயம்' என்னும் சொல்லின் ஒரு பொருள் மதிப்பிழந்தபோது, அதன் மற்றொரு பொருள்தான் மனிதரைத் தாங்கி நின்றது என்பதை அக்காலம் உணர்த்திற்று.

எங்கே நின்றுவிட்டது அந்த அறம்?

இதுவரை கூறியவற்றால் நகரத்தாரின் தொழில் நேர்மை விளங்கும். ஆயினும் வரலாறு இன்னொரு பக்கத்தையும் காட்டுகின்றது. முதலாளிக்கும் மேலாளுக்கும், மார்க்காவுக்கும் மார்க்காவுக்கும் இடையே நிலவிய நம்பிக்கை, கடன் வாங்கிய வேற்றினத்துக் குடியானவரிடம் அதே அளவில் சென்று சேரவில்லை.

பர்மாவில் இதன் விளைவு மிகக் கடுமையாக இருந்தது. கீழ்ப் பர்மாவில் காடு திருத்தி நெல் வயல்களாக்கிய குடியானவர்களுக்குக் கடன் கொடுத்தவர்களுள் நகரத்தார் முதன்மையானவர்கள். மேற்கத்திய வங்கிகள் எட்டியும் பாராத சிற்றூர்களுக்கு அவர்களுடைய பணமே சென்றது. இது மறுக்க முடியாத தொண்டு. ஆனால் 1930ஆம் ஆண்டையொட்டி உலகப் பொருளாதார மந்தத்தால் நெல் விலை சரிந்தபோது, ஈடு வைத்த நிலங்கள் கடன் கொடுத்தவரின் கைக்கு மாறின. நெல் விளையும் முதன்மையான 13 மாவட்டங்களில் நகரத்தாரிடம் இருந்த நிலம் 1930இல் ஏறத்தாழ 6 விழுக்காடு. 1938இல் அது ஏறத்தாழ 25 விழுக்காடு.

நகரத்தார் பெரும்பாலும் நிலத்தை விரும்பியவர்கள் அல்லர். பணமாகத் திரும்ப வருவதையே விரும்பினர். அவர்கள் பேரேட்டில் எழுதிய எண்களும் பொய்யாக இல்லாமல் இருந்திருக்கலாம். ஆயினும் தந்தை திருத்திய வயலில் மகன் குத்தகையாளாக நிற்க நேர்ந்தபோது, அம்மகனுக்குப் பேரேட்டின் ஒழுங்கு ஆறுதல் தரவில்லை. வெறுப்பு வளர்ந்தது. 1942இல் போர் மூண்டபோது பலர் அனைத்தையும் விட்டு வெளியேறினர். நாடு விடுதலை பெற்றபின் 1948ஆம் ஆண்டில் நில நாட்டுடைமைச் சட்டம் வந்தது. தலைமுறைகள் சேர்த்த செல்வம் கைவிட்டுப் போயிற்று.

மலாயாவிலும் நிலம் கைமாறுவது குறித்த கவலை எழுந்தது. 1913ஆம் ஆண்டின் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டமும், 1933ஆம் ஆண்டில் அது மேலும் இறுக்கப்பட்டதும் அக்கவலையோடு தொடர்புடையவை. பின்னர் 1951ஆம் ஆண்டில் வந்த கடன் கொடுப்போர் சட்டம், கடன் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்றும், அதன் படி ஒன்று கடன் வாங்குபவரிடம் கொடுக்கப்பட வேண்டும் என்றும் விதித்தது. இவ்விதி எளியதாகத் தோன்றலாம். ஆனால் அதன் கருத்து ஆழமானது. எழுதியவரிடம் மட்டும் இருக்கும் கணக்கு அவருக்குப் பாதுகாப்பு. இரு தரப்பாரிடமும் இருக்கும் கணக்குத்தான் நீதி.

தோட்டத்துச் செக்ரோல்

கிட்டங்கிக் கணக்கைப் பற்றிப் பேசும்போது தோட்டத்துக் கணக்கை மறந்துவிடலாகாது. கடல் கடந்து வந்த தமிழரில் மிகப் பெரும்பாலோர் பேரேடு எழுத வந்தவர்கள் அல்லர்; பால் மரம் வெட்ட வந்தவர்கள். அவர்களுடைய உழைப்பும் ஓர் ஏட்டில்தான் பதிவாயிற்று. கிராணியார் வைத்திருந்த செக்ரோல் அது.

ஒப்பந்தக் கூலிமுறை மலாயாவில் 1910ஆம் ஆண்டில் முடிவுக்கு வந்தது. கங்காணி முறை 1938ஆம் ஆண்டில் இந்திய அரசு குடியேற்றத்திற்குத் தடை விதிக்கும் வரை நீடித்தது. வேலைக்கு வரும் ஒவ்வோர் ஆளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. ஊரிலிருந்து வந்த செலவு, முன்பணம், கடைப் பற்று எனத் தொழிலாளியின் பெயரில் கடன் ஏறிக் கொண்டே போகும். விடியற்காலைப் பெரட்டில் பெயர் பதியப்பட்டதா, வெட்டிய பாலின் எடை சரியாக எழுதப்பட்டதா, கடைக்காரர் குறித்த தொகை உண்மையானதா என்பவற்றை எழுத்தறியாத ஒரு தொழிலாளி எவ்வாறு சரிபார்க்க இயலும்? நேர்மையான கிராணியாரும் இரக்கமுள்ள கங்காணியும் இருந்தனர். ஆனால் ஒருவரின் கூலி, இன்னொருவரின் இரக்கத்தைச் சார்ந்திருப்பது அறமாகாது.

இந்நிலை சிறிது சிறிதாக மாறியது. 1954ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளர்களின் சங்கங்கள் ஒன்றிணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. பி. பி. நாராயணன் அதன் முதன்மைத் தலைவராக விளங்கினார். 1955ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டம், சம்பளத்தில் எவற்றைப் பிடிக்கலாம் என்பதற்கு வரம்பு வகுத்தது. ஊதியத்தை எங்கே, எவ்வாறு செலவிட வேண்டும் என்று முதலாளி நிபந்தனை விதிப்பதையும் அது தடுத்தது. தொழிலாளியின் கூலி அவனுடையதே என்னும் எளிய உண்மை சட்டமாயிற்று.

அதன்பின் நிகழ்ந்தது இன்னும் சிறப்பானது. பெரிய தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டதால் தொழிலாளர்கள் வேலையையும் வீட்டையும் ஒருங்கே இழக்கும் நிலை தோன்றியது. துன் வீ. தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். ஒரு பங்கின் விலை 100 வெள்ளி. அதனை மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம். தோட்டம் தோட்டமாகச் சென்று அவர் இத்திட்டத்தை விளக்கினார். கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் தோட்டம் சங்கம் வாங்கிய முதல் தோட்டமாகும்.

அந்நாளில் 10 வெள்ளி தொழிலாளிக்குச் சிறு தொகையன்று. கணக்கால் ஏமாந்த பட்டறிவு உடையவர்கள், இன்னொரு கணக்கை நம்பி அப்பணத்தை எடுத்துக் கொடுத்தார்கள். அவர்களை நம்ப வைத்தது எது? தலைவரின் சொல் மட்டுமன்று. பணம் கட்டியவர் சங்கத்தின் உறுப்பினராகிறார். உறுப்பினருக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு. செக்ரோலில் வெறும் பெயராக இருந்தவர், பங்கேட்டில் உரிமையாளராகப் பதியப்பட்டார். கிட்டங்கிக் கூடத்தில் ஒரு சமூகத்தார் தமக்குள் காத்து வந்த நம்பிக்கைமுறை, இங்கே பால்மரத் தொழிலாளர்களின் கைக்கும் வந்து சேர்ந்தது எனலாம்.

கோயில் கணக்கு

வணிகரின் கணக்கும் தொழிலாளியின் கணக்கும் இவ்வாறிருக்க, கோயிலின் கணக்கு எவ்வாறு இருந்தது என்பதையும் நேர்மையோடு நோக்க வேண்டும். தோட்டக் கோயில்கள் பலவும் தொழிலாளரின் சம்பளத்திலிருந்து சேர்ந்த சிறு தொகைகளால் எழுந்தவை. நகரக் கோயில்கள் வணிகரின் நிலக்கொடையாலும் கட்டளைகளாலும் வளர்ந்தவை. கொடுத்தவர் மறைந்த பின், கொடை எக்காரியத்திற்காக வந்ததோ அக்காரியத்திற்கே செலவாவதைப் பார்த்துக் கொள்வது நிர்வாகத்தாரின் கடமை.

அக்கடமை எங்கும் எப்போதும் சரிவர நிறைவேறிவிடவில்லை. நீரிணைக் குடியேற்றப் பகுதிகளில் முஸ்லிம், இந்து சமய அறக்கட்டளைச் சொத்துகள் சில முறையாக நிர்வகிக்கப்படவில்லை என்னும் நிலை ஏற்பட்டதால், 1905ஆம் ஆண்டில் அரசு தனிச்சட்டம் இயற்றி அறக்கட்டளை வாரியங்களை அமைத்தது. சிங்கப்பூரின் இன்றைய இந்து அறக்கட்டளை வாரியத்திற்கும் பினாங்கின் இந்து அறநிலைய வாரியத்திற்கும் மூலம் அதுவே. சிங்கப்பூரில் 1968ஆம் ஆண்டின் சட்டத்தால் இந்துக்களுக்கெனத் தனி வாரியம் அமைந்தது. மலேசியாவில் சங்கங்களாகப் பதிவு பெற்ற கோயில்கள் 1966ஆம் ஆண்டின் சங்கச் சட்டப்படி ஆண்டுதோறும் கணக்கு ஒப்படைக்கக் கடமைப்பட்டுள்ளன.

அரசு தலையிட்டது நமக்குப் பெருமை தரும் செய்தியன்று. எனினும் அதிலும் ஒரு பாடம் உண்டு. இறைவனுக்குரிய பொருளைக் கையாளுகிறோம் என்னும் எண்ணம் மட்டுமே ஒருவரைத் தவறிலிருந்து காத்துவிடாது. பக்தி இருந்த இடத்திலும் கணக்குத் தேவைப்பட்டது. இதனை நன்கு உணர்ந்திருந்ததால்தான் அக்கால நகரத்தார், பிள்ளையார் சுழிக்குக் கீழே பற்றையும் வரவையும் பிழையின்றி எழுதினர்.

முடிவுரை

மார்க்கெட் ஸ்திரீட்டின் பழைய கிட்டங்கிகள் நகர மறுசீரமைப்பில் 1970களில் இடிக்கப்பட்டன. வாழைமர நோட்டு அருங்காட்சியகப் பொருளாயிற்று. பால்மரத் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாயின. பேரேட்டின் இடத்தைக் கணினி பிடித்துக் கொண்டது. ஆயினும் கணக்குக் கேட்கும் உரிமையும் கணக்குக் காட்டும் கடமையும் மாறவில்லை.

இன்று கடை நடத்துவோரும், பிறரிடம் வேலை பார்ப்போரும், வீட்டுக்குப் பணியாளரை அமர்த்தியோரும், ஒப்பந்தத் தொழில் செய்வோரும் கோயிலுக்கு வருகின்றனர். வேலை வாங்கியவர் உரிய நாளில் சம்பளம் கொடுத்தாரா? அதனைக் கணக்கோடு கொடுத்தாரா? வேலை பார்த்தவர் எழுதிய நேரம் அவர் உழைத்த நேரந்தானா? நம் மொழி அறியாத வெளிநாட்டுத் தொழிலாளியும் தம் கணக்கைத் தாமே புரிந்து சரிபார்க்க இயலுகிறதா? அன்று பெரட்டுக் களத்தில் நம் பாட்டனார் நின்ற இடத்தில் இன்று வேறு நாட்டவர் ஒருவர் நிற்கின்றார். தமக்குள் மட்டும் காத்த நேர்மை நிறைவடையாது என்னும் பர்மாவின் பாடம் இங்கே நினைவுகூரத் தக்கது.

நகரத்தாரின் தொழில் வழக்கில் 'உண்டியல்' என்பது பணம் அனுப்பும் சீட்டு. ஓர் ஊரில் பணத்தைக் கட்டி எழுதி வாங்கிய சீட்டை இன்னோர் ஊரில் காட்டினால் பணம் கிடைக்கும். எழுதியவர் தம் சொல்லைக் காப்பார் என்பதே அச்சீட்டின் மதிப்பு. கோயிலில் காணிக்கை செலுத்தும் பெட்டிக்கும் உண்டியல் என்றே பெயர். பக்தர் எந்தச் சீட்டும் கேளாமல் அதில் பணத்தை இடுகின்றார். சீட்டுக் கேளாத அந்த நம்பிக்கைக்கு உரிய மறுமொழி, உண்டியல் பலர் முன்னிலையில் திறக்கப்படுவதும், எண்ணிய தொகை அன்றே ஏட்டில் ஏறுவதும், அந்த ஏடு ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் உறுப்பினர் முன் விரித்து வைக்கப்படுவதுமே ஆகும்.